பாய்லர் லாகிங்கைப் பிரிக்கும் முன்

பாய்லரைச் சுற்றிப் போர்த்திய வெப்பக்காப்பு, அதாவது லாகிங், வைத்தது வைத்தபடி இருக்கும்வரை பெரும்பாலும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஒழுகும் குழாயை மாற்றவோ, ஆண்டுப் பரிசோதனைக்குப் பாய்லரைத் திறந்து காட்டவோ அதைப் பிரிக்கிறார்களே, அந்த ஒரு மணி நேரத்தில்தான் அதன் குணம் வெளிப்படுகிறது. அப்போது கிளம்பும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது தீங்கு குறைந்த பகுதி. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகின்றன. தங்கியதன் விளைவு தெரிய இருபது, முப்பது, சில சமயம் நாற்பது ஆண்டுகூட ஆகும். அதற்குள் பாய்லர் பழைய இரும்புக்குப் போயிருக்கும், தொழிற்சாலை கைமாறியிருக்கும். லாகிங்கைப் பிரித்தவருக்கே அந்த வேலை நினைவில் இருக்காது.

கூடலூர் வட்டத்தில், முதுமலைக் காட்டை ஒட்டிய ஸ்ரீமதுரை போன்ற ஊர்களுக்கு இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலை இண்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கும் தனியார் தொழிற்சாலைகளுக்கும் போகிறது. அங்கே டிரையரில் தூளை உலர்த்த நூறு டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான காற்று வேண்டும். பெரும்பாலான தொழிற்சாலைகளில் விறகு உலையோடு இணைந்த ஏர் ஹீட்டர் அந்தக் காற்றைத் தருகிறது. சிலவற்றில் நீராவிப் பாய்லர். மலை மேலே போனால் மருத்துவமனைகள், விடுதிகள், சலவையகங்கள் என்று பாய்லர் இல்லாத ஊர் இல்லை. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரப் பாதையில் இன்றும் நீராவி எஞ்சின்கள் மலை ஏறுகின்றன. நீராவி எஞ்சின் என்பதே சக்கரம் கட்டிய பாய்லர்தான். அந்தக் காலத்து எஞ்சின்களின் பாய்லரைப் போர்த்த உலகெங்கும் ஆஸ்பெஸ்டாஸ் மெத்தைகள் பயன்பட்டன.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மூடிய கலத்தில் அழுத்தத்தோடு நீராவி உண்டாக்குவதுதான் சட்டத்தின் கண்ணில் கொதிகலன். அதற்கு ஆண்டுதோறும் பரிசோதனை, சான்றிதழ், ஆய்வாளர் எல்லாம் உண்டு. 1923ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் வந்த பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை. ஆனால் காற்றைச் சூடாக்கும் ஏர் ஹீட்டர் அந்த வரையறைக்குள் வராது. அதன் உலைக்கதவில் சுற்றியிருக்கும் கயிறும், புகைக்குழாயைப் போர்த்திய லாகிங்கும் பாய்லரில் இருப்பவைதான். அதை ஆண்டுக்கொரு முறை வந்து பார்க்கும் கொதிகலன் ஆய்வாளர் மட்டும் இல்லை. ஆகையால் இங்கே பாய்லருக்குச் சொல்வதெல்லாம் ஏர் ஹீட்டருக்கும் பொருந்தும்.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது ஒரு பொருளின் பெயரல்ல, இழை இழையாகப் பிரியும் கனிமங்களின் பொதுப்பெயர். வணிகத்தில் பெரிதும் புழங்கியவை மூன்று: வெள்ளை நிறக் கிரைசோடைல், பழுப்பு நிற அமோசைட், நீல நிறக் குரோசிடோலைட். தீயில் எரியாது, அமிலத்தை ஓரளவு தாங்கும், பஞ்சுபோல நூற்கலாம், சிமெண்டோடு குழைக்கலாம். இத்தனை நல்ல குணம் ஒரே பொருளில் அமைந்ததால் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் பாய்லர் கட்டியவர்கள் அதை எங்கெல்லாம் வைக்கலாமோ அங்கெல்லாம் வைத்தார்கள். நீராவிக் குழாய்களின் மேல் மக்னீசியம் கார்பனேட் 85 விழுக்காடும் மீதி ஆஸ்பெஸ்டாஸ் இழையுமாக வார்த்த அரைவட்டக் கட்டிகள், பாய்லர் உடம்பின் மேல் குழைத்துப் பூசிய காரை, அதன்மேல் கேன்வாஸ் துணி, அதற்கும் மேல் பெயிண்ட். கதவுகளிலும் ஆள்நுழை துளைகளிலும் முறுக்கிய கயிறு. ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே அழுத்தித் தட்டையாக்கிய ஆஸ்பெஸ்டாஸ் தாளில் வெட்டிய கேஸ்கெட். வால்வுத் தண்டைச் சுற்றி கிளாண்ட் பேக்கிங். உலைமுகப்பின் பின்னால் மில்போர்டு அட்டை. ஒரு பழைய பாய்லரில் இவை எல்லாமே ஒருங்கே இருக்கலாம்.

மலையில் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கூரை. எஸ்டேட் லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அந்தக் கூரையின் கீழே குடியிருந்தவர்கள், 'எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று கேட்பது இயல்பு. கூரைத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதுவும் சிமெண்டில் இறுகப் பிணைந்திருக்கும். உடைத்தால், அறுத்தால், துளையிட்டால் ஒழிய இழைகள் அவ்வளவாக வெளிவருவதில்லை. பாய்லர் லாகிங் அப்படியல்ல. பல ஆண்டு சூட்டில் காய்ந்து பிணைப்பு விட்டுப்போன அது, விரலால் அழுத்தினாலே மாவாக உதிரும். கூரையைக் கண்டு லாகிங்கை எடைபோட்டால் கணக்கு தப்பும்.

இந்த வேறுபாட்டுக்கு விலை கொடுத்தவர்கள் வெப்பக்காப்புத் தொழிலாளர்கள். நியூயார்க், நியூஜெர்சி பகுதியில் லாகிங் வேலை செய்த 632 பேரிடையே நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்து இர்விங் செலிகாஃபும் உடன் ஆய்வாளர்களும் 1964இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இவர்கள் சுரங்கத்திலோ நூற்பாலையிலோ இருந்தவர்கள் அல்லர். வேறெங்கோ செய்த பொருளை எடுத்துக் குழாயில் கட்டியவர்கள். அவர்களிடையேயும் நுரையீரல் புற்றுநோய் எதிர்பார்ப்பைவிடப் பல மடங்கு. நுரையீரல் நார்த்தன்மை அடைந்து மூச்சு சுருங்கும் ஆஸ்பெஸ்டாசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலையும் வயிற்றையும் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா என்று மூன்று நோய்கள் இந்த இழையோடு உறுதியாகப் பிணைந்தவை. 1979இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு புகையின் பங்கைக் காட்டியது: இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், லாகிங் வேலை மட்டும் செய்தவருக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு, புகை மட்டும் பிடிப்பவருக்கு 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கும் மேல். உலைக்கூடத்து வாசலில் பீடி பற்றவைப்பவருக்கு இந்த எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் 1985இலும் வெள்ளையை 1999இலும் தடை செய்தது. அங்கே ஒரு கட்டடத்தின் வயதைக் கொண்டே ஓரளவு ஊகிக்கலாம். இந்தியாவில் அந்த வழி இல்லை. புதிய சுரங்கக் குத்தகைகள் 1980களிலேயே நிறுத்தப்பட்டாலும் கிரைசோடைல் இறக்குமதி தொடர்கிறது. பொதுவான தடை கிடையாது. அழுத்திய ஆஸ்பெஸ்டாஸ் கேஸ்கெட் தாளுக்கு இந்தியத் தர நிர்ணயமே உண்டு. ஆகவே போன வருடம் மாட்டிய கேஸ்கெட்டாக இருந்தாலும், கதவில் புதிதாகச் சுற்றிய கயிறாக இருந்தாலும், 'புதுசுதானே' என்று நம்பிவிட முடியாது. வாங்கிய பில்லில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று எழுதியிருந்தால் மட்டுமே அப்படிக் கொள்ளலாம்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதும் நடவாத காரியம். தீக்குச்சியைக் காட்டி, எரியாவிட்டால் ஆஸ்பெஸ்டாஸ் என்று தீர்ப்புச் சொல்பவர்கள் பட்டறைகளில் உண்டு. கண்ணாடிப் பஞ்சும் எரியாது, ராக்வூலும் எரியாது, செராமிக் ஃபைபரும் எரியாது. ஒரு பாய்லரின் லாகிங் ஒரே காலத்தில் போட்டதாகவும் இருப்பதில்லை. வெளியே பளபளக்கும் அலுமினியத் தகடு, அதற்குள் பத்தாண்டு முன் கட்டிய ராக்வூல், அதற்கும் அடியில் முதல் உரிமையாளர் காலத்துக் காரை என்று அடுக்கடுக்காக இருக்கும். மேலே ராக்வூலைப் பார்த்ததும் நிம்மதி அடைந்து கீழே கரண்டியை விட்டுச் சுரண்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. எனவே மாதிரி எடுத்தால் எல்லா அடுக்கிலிருந்தும், பழுதுபார்த்த ஒட்டுகளிலிருந்தும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும் இடத்தை முதலில் நனைத்து, சிறு துண்டு வெட்டி, இரட்டை உறையில் இட்டு, வெட்டிய வாயைப் பூச்சால் அடைத்துவிட வேண்டும். ஆய்வகத்தில் துருவ ஒளி நுண்ணோக்கி கொண்டு இழையின் வகையைச் சொல்வார்கள். முடிவு வரும்வரை அதை ஆஸ்பெஸ்டாஸ் என்றே கொள்வதுதான் நெறி.

முடிவு வந்த பிறகும் முதல் கேள்வி எப்படிப் பிரிப்பது என்பதல்ல, பிரிக்காமல் விடலாமா என்பதே. லாகிங் உடையாமல், நனையாமல், யாரும் இடிக்காத இடத்தில் இருந்தால் அதன்மேல் பூச்சுப் பூசி மூடி, எச்சரிக்கைப் பலகை மாட்டிவிட்டு, வருடாவருடம் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. ஆனால் கூடலூர்ப் பக்கத்து மழை இந்த முடிவைப் பல இடங்களில் மாற்றிவிடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் தகரக் கூரையில் ஓர் ஆணித்துளை போதும், சொட்டு சொட்டாக லாகிங்குக்குள் நீர் இறங்கும். ஈரம் கோத்த லாகிங்குக்கு அடியில் எஃகு வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். உலோகத்தின் சூடு 50 முதல் 175 டிகிரி வரை இருக்கும் பகுதிகளில் இந்த அரிப்பு மோசம், ஏனென்றால் அந்தச் சூட்டில் ஈரம் முழுதாகக் காய்ந்தும் போவதில்லை. அழுத்தம் தாங்கும் தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்க்க லாகிங்கைத் திறந்தே ஆக வேண்டும். ஆய்வாளர் கேட்டாலும் திறந்து காட்டியாக வேண்டும்.

திறப்பது என்று ஆனபின் அவசரம் கூடாது. சான்றிதழ் தேதி முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆரம்பிக்கிற வேலையில் முறைகள் எல்லாம் காற்றில் போகும். கொழுந்து குறையும் வறண்ட மாதங்களில், ஆலையை முழுதாக நிறுத்த முடிகிற நாட்களில் இதை வைத்துக்கொள்வது நல்லது. நிறுத்துவது என்றால் பாய்லரை மட்டுமல்ல. தேயிலைத் தொழிற்சாலையின் அமைப்பே காற்றை இழுத்து ஓடவிடும் அமைப்பு. வாட்டும் தொட்டிகளின் விசிறிகளும் டிரையரின் விசிறியும் ஓடிக்கொண்டிருந்தால் உலைக்கூடத்தில் கிளம்பும் இழை தேயிலையின் மேலேயே போய்ப் படியும். ஏர் ஹீட்டருக்குக் காற்று உள்ளிழுக்கும் வாய் பெரும்பாலும் உலைக்கூடத்தை ஒட்டியே இருக்கும். வேலை தொடங்கும் முன் தொட்டிகளில் இலை இருக்கக் கூடாது, விசிறிகள் எல்லாம் நிற்க வேண்டும், ஹீட்டரின் காற்றுவாயைப் பாலித்தீனால் மூடி டேப் ஒட்ட வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்த வரி இருக்காது. இங்கே இது முதல் வரியாக இருக்க வேண்டியது.

அடுத்து, பாய்லரைத் தனிமைப்படுத்துதல். எரிபொருளை நிறுத்தி, நீராவி வால்வை மூடிப் பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டு, மின் இணைப்பைத் துண்டித்து, அழுத்தம் முழுதும் இறங்கியதா என்று பார்த்து, தானாகவே ஆறவிட வேண்டும். கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறாமல் தண்ணீர் தெளித்தால் ஆவி குப்பென்று கிளம்பி இழையையும் தூக்கிக்கொண்டு வரும், முகமும் வெந்துபோகும்.

வேலை நடக்கும் இடத்தைச் சுற்றித் தரையிலும் பக்கங்களிலும் தடித்த பாலித்தீன் விரிக்க வேண்டும். 150 மைக்ரானுக்குக் குறையாதது நல்லது. வேலைக்கு வேண்டியவர் தவிர எவரும் உள்ளே நிற்கக் கூடாது. தூக்க, இறக்க என்று அழைக்கும் தற்காலிக ஆள்தான் எங்கும் கவசமின்றி நிற்பவர். வேலை முடிந்ததும் துடைப்பத்தோடு வருபவரும் அவரே. ஒரு பாய்லர் வேலையில் அதிகம் இழை சுவாசித்தவர் யார் என்று தேடினால் பெரும்பாலும் இவரிடம் போய் முடியும்.

இனி நனைத்தல். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்; முகமூடியைவிட முக்கியம். ஈரமான இழை காற்றில் எழாது. ஆனால் வெறும் தண்ணீர் பழைய லாகிங்கின் மேலே உருண்டு ஓடிவிடும், உள்ளே ஊறாது. தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கொஞ்சம் கலந்தால் ஊறும். வேகமாகப் பீய்ச்சும் குழாய் உதவாது, அது இழையைத் தட்டி எழுப்பும். தோட்டத்தில் மருந்தடிக்கப் பயன்படும் கைத்தெளிப்பான் போன்றது போதும். இதற்கென்று புதிதாக ஒன்று வாங்கி, திரும்பத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும். மேலே தெளித்துவிட்டு, சிறு துளைகள் வழியாக உள்ளேயும் செலுத்தி, ஊறும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் அந்த நேரத்தைத்தான் எல்லாரும் வெட்டிவிடுகிறார்கள். ஊறியபின் கத்தியால் வெட்டிப் பெரிய பெரிய துண்டாக எடுத்து, கீழே போடாமல் கையோடு பையில் இறக்க வேண்டும். வெட்டுமுகம் உள்ளே உலர்ந்து வெளுப்பாகத் தெரிந்தால் மீண்டும் தெளிக்க வேண்டும். ரம்பம், கிரைண்டர், சுத்தியல் எதுவும் கூடாது. குழாய்களில் சிறு நீளத்தைப் பிரிப்பதற்கு, கையுறை பொருத்திய பாலித்தீன் பையைக் குழாயைச் சுற்றிக் கட்டி, அதற்குள்ளேயே வெட்டி, அதற்குள்ளேயே விழவிடும் முறை ஒன்றுண்டு. பை கிழியாமல் இருந்தால் இழை வெளியே வர வழியில்லை.

உலைக்கதவுக் கயிற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் லாகிங் வேலையாகவே எண்ணுவதில்லை. கதவின் பள்ளத்தில் ஒட்டிக் கெட்டியாகி, நுனியில் நார்நாராகப் பிசிறிக்கொண்டு, சாம்பல் படிந்த அழுக்கு வெள்ளையில் அது இருக்கும். பாய்லர்காரர் குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, உளியால் தட்டிப் பெயர்த்து, மிச்சத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, கடைசியில் வாயால் ஊதிவிடுவார். பத்து நிமிட வேலை. பாய்லர் முழுதும் லாகிங் பிரிப்பவர்கூட இவ்வளவு அருகில் மூச்சை வைப்பதில்லை. சரியான முறை கடினமானதும் அல்ல. கயிற்றை நனைத்து ஊறவிட்டு, ஒரு முனையை நெம்பி, அறுந்துபோகாமல் மெதுவாக இழுத்து நேராகப் பைக்குள் சுருட்ட வேண்டும். ஒட்டிய மிச்சத்தை ஈரத்தோடு மழுங்கிய தகட்டால் வழித்து, ஈரத்துணியால் துடைத்துத் துணியையும் பையில் போட வேண்டும். ஃபிளேஞ்சில் ஒட்டிக்கொண்ட கேஸ்கெட்டுக்கும் இதே முறைதான். அங்கே கிரைண்டரில் கம்பி பிரஷைப் பூட்டிச் சுழற்றுவதைப்போல மோசமான பழக்கம் வேறில்லை.

முகமூடி கடைசி அரண். துணி, மருத்துவமனை முகக்கவசம் இரண்டும் இந்த இழைக்குச் சல்லடை. தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஆய்வகத்தில் கணக்கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை 3 மைக்ரானுக்கும் மெல்லியது, பல இழைகள் அதனினும் மெல்லியவை. கொரோனா காலத்தில் எல்லாருக்கும் அறிமுகமான என்95-உம் இந்த வேலைக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பி100 அல்லது பி3 வடிகட்டி மாட்டிய அரைமுக ரப்பர் முகமூடி வேண்டும். தாடி இருந்தால் எந்த முகமூடியும் முகத்தோடு ஒட்டாது. வேலைக்கு முன் மழிப்பது ஒன்றே வழி. உடம்புக்குத் தலையையும் மூடும், பையில்லாத, ஒருமுறை அணிந்து எறியும் முழுச்சட்டை. காலுக்குக் கழுவக்கூடிய ரப்பர் பூட்ஸ். அமெரிக்கச் சட்டத்தில் எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.1 இழைக்கு மேல் கூடாது. நனைக்காமல் பிரித்தால் இந்த அளவை எத்தனையோ மடங்கு தாண்டிவிடும். அப்போது முகமூடி மட்டும் என்ன செய்யும்?

துப்புரவில்தான் தேயிலைத் தொழிற்சாலையின் பழக்கம் எதிராக நிற்கிறது. எங்கும் தேயிலைத் தூசி படியும் இடம் என்பதால் பெருக்குவதும், கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளுவதும் தினசரி வழக்கம். லாகிங் வேலைக்குப் பின் இந்த இரண்டையும் செய்தால் அதுவரை செய்த எல்லாம் வீண். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி கொண்ட வாக்குவம் வேண்டும். சாதாரண வாக்குவம் இழையை உறிஞ்சிப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே துப்பிவிடும். ஹெப்பா இல்லையென்றால் ஈரத்துணியால் துடைப்பதே நலம். துடைத்த துணியை அலசித் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. கழற்றிய அலுமினியத் தகடுகளுக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை உண்டு; அதனாலேயே அவை உட்புறம் ஒட்டிய தூளோடு அப்படியே லாரி ஏறிவிடுகின்றன. இருபுறமும் ஈரத்தால் துடைத்த பிறகே தகடு வெளியே போக வேண்டும்.

உடையைக் கழற்றுவதற்கும் வரிசை உண்டு. விரித்த பாலித்தீனின் மேல் நின்றபடியே முழுச்சட்டையை வாக்குவத்தாலோ ஈரத்தாலோ துடைத்து, உட்புறம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றிப் பையில் இட வேண்டும். முகமூடியை எல்லாவற்றுக்கும் கடைசியில் கழற்ற வேண்டும். பிறகு குளியல். உள்ளே போட்டிருந்த துணியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. 1965இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் இருவரும் செய்த ஆய்வில் மீசோதீலியோமா வந்தவர்களில் சிலர் ஆஸ்பெஸ்டாஸைத் தொட்டே அறியாதவர்கள்; அந்த வேலை செய்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள், அவர்கள் துணியைத் துவைத்தவர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் அல்லாத லாகிங் என்று உறுதியானாலும் கவசத்தை மூலையில் வைத்துவிட முடியாது. கண்ணாடிப் பஞ்சும் ராக்வூலும் தோலையும் கண்ணையும் அரிக்கும். ஆனால் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2001இல் மறு ஆய்வு செய்து, காப்புக்குப் பயன்படும் இவ்வகைகளைப் புற்றுநோயூட்டி என்று வகைப்படுத்த முடியாதவை என்றே வைத்தது. புதிதாகக் கட்டிய பஞ்சை முதன்முறை சூடாக்கும்போது அதன் பிசின் கருகி நெடியடிக்கும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். உலைக்குள் வைக்கும் வெள்ளை செராமிக் ஃபைபர் இவற்றிலிருந்து வேறு. புதிதாக இருக்கும்போதே அது புற்றுநோயூட்டக்கூடும் என்று அதே முகமையின் பட்டியலில் உள்ளது. ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் நெடுநாள் இருந்தால் அதன் ஒரு பகுதி கிரிஸ்டோபலைட்டாக, அதாவது படிகச் சிலிக்காவாக மாறுகிறது. அது நுரையீரலைச் சிலிக்கோசிஸில் தள்ளும், புற்றுநோயூட்டி என்று உறுதியானதும் கூட. பழைய செராமிக் ஃபைபரையும் நனைத்தே, அதே முகமூடியோடே எடுக்க வேண்டும்.

கழிவை என்ன செய்வது? மலையில் எளிதாகத் தோன்றும் விடை, பின்னால் இருக்கும் சரிவு. கூடலூர்ப் பகுதியின் ஓடைகள் ஒருபுறம் சாலியாற்றுக்கும் மறுபுறம் மாயாற்றுக்கும் போகின்றன. சரிவில் கொட்டியது அங்கேயே கிடக்கப்போவதில்லை. உலையில் போட்டு எரிப்பதும் விடையல்ல, எரியாததால்தானே அது லாகிங் ஆனது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் கழித்துவிட்ட ஆஸ்பெஸ்டாஸ் இடம்பெற்றிருக்கிறது. ஈரத்தோடு இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, மேலே எச்சரிக்கை எழுதி, பூட்டிய இடத்தில் வைத்து, 90 நாட்களுக்குள் அனுமதி பெற்ற கழிவு மையத்துக்கு உரிய சரக்குப் படிவத்தோடு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அப்படிப்பட்ட மையம் உண்டு. கூடலூரிலிருந்து அது மாநிலத்தின் மறுகோடி. இரண்டு பை கழிவுக்காக லாரி பிடிப்பது எந்தச் சிறு தொழிற்சாலைக்கும் சுமைதான். பக்கத்துத் தொழிற்சாலைகள் ஒரே பருவத்தில் வேலையை வைத்துக்கொண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முன்கூட்டியே பேசி, ஒரே வண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்தால் செலவு தாங்கும். ஆஸ்பெஸ்டாஸ் நிறைந்த பழைய பிரெஞ்சுப் போர்க்கப்பல் கிளமான்சோ உடைப்பதற்காகக் குஜராத்தின் அலங்கை நோக்கி வந்தபோது எழுந்த எதிர்ப்பில், 2006 பிப்ரவரியில் அது பிரான்சுக்கே திருப்பி அழைக்கப்பட்டது. அன்று கப்பலுக்குக் காட்டிய கவனத்தில் கொஞ்சமேனும் உள்நாட்டுப் பாய்லர்களின் மேல் விழுந்ததாகத் தெரியவில்லை.

புது லாகிங் கட்டுமுன் எஃகு முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். நனைத்துப் பிரித்த இடம் என்பதால் இதை மறக்கக் கூடாது. கட்டியபின் அதன்மேல் பொருளின் பெயரையும் தேதியையும் எழுதிவிட வேண்டும். பிரிக்காமல் விட்ட பழைய பகுதிகள் எவை என்று ஒரு படம் வரைந்து பாய்லர் பதிவேட்டோடு வைத்தால், அடுத்து வரும் ஃபிட்டர் குருட்டாம்போக்கில் கத்தி வைக்க மாட்டார்.

மிஞ்சியது ஆட்களின் பதிவு. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. நோய் வெளிப்பட ஆகும் காலத்தை அறிந்து வைத்த கெடு அது. நிரந்தரத் தொழிலாளி உள்ள ஆலைக்கு இது பொருந்தும். சமவெளியிலிருந்து நான்கு நாளுக்கு வந்து லாகிங் பிரித்துவிட்டுப் போகும் ஒப்பந்தக் குழுவின் பெயர்களை யார் 40 ஆண்டு வைத்திருப்பது? நடைமுறையில் பாய்லர் உரிமையாளர் தமது பதிவேட்டில் பெயர், ஊர், வேலை செய்த நாள், எடுத்த பொருள் ஆகியவற்றை எழுதி, அதன் நகலை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுவதே ஆகக்கூடிய வழி. அந்த ஒரு தாள் பிற்காலத்தில் தொழிலாளர் ஈட்டுறுதி (இ.எஸ்.ஐ.) மருத்துவமனையிலும் இழப்பீடு கோரும் இடத்திலும் சாட்சியாக நிற்கும். இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் ஆஸ்பெஸ்டாசிஸ் உண்டு.

இந்த வேலையைத் தொடர்ந்து செய்பவருக்குக் குறித்த இடைவெளியில் மார்பு எக்ஸ்ரேயும், மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் தேவை. படிந்த இழையை வெளியேற்ற மருந்தில்லை. முன்னதாகத் தெரிந்தால் மேற்கொண்டு சேராமல் தடுக்கலாம், புகையை நிறுத்தலாம். படி ஏறும்போது மூச்சு வாங்குவது, விடாத வறட்டு இருமல், மார்பில் இறுக்கம் என்று வயதான ஒருவர் வந்தால் நம் மருத்துவமனைகளில் முதலில் காசநோய்க்கே சோதிப்பார்கள். தூசி நோய்களைக் காசம் என்று எண்ணி மருந்து கொடுப்பது இந்தியாவில் அடிக்கடி நடப்பது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பாய்லர் வேலை பார்த்ததை மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளியே சொல்ல வேண்டும். கையில் அந்தத் தாள் இருந்தால் அதையும் காட்ட வேண்டும்.